ஹெரால்டா, கான்டெஸாவா, ஜென்னா? கூடவே பழைய ரேஸ் கேம்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, டிவி கேமில் ரோடு ஃபைட்டர், அப்புறம் பிரவுசிங் சென்டரில் நீட் ஃபார் ஸ்பீட், கூட்டாளி வீட்டு பிளேஸ்டேஷனில் கிரான் டூரிஸ்மோ என்று வளர்ந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கென்றே ஒரு பழைய கார் வாங்கணும். தெருவில் அதே மாதிரி இன்னொன்று இருக்கக் கூடாது. வீரவநல்லூரில் நாலு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மனசு என்னவோ கான்டெஸா மேல்தான். கூட இருக்கிறவர்கள் பேசாமல் ஒரு ஜென் எடு என்கிறார்கள். எது சரி? இன்னொன்று, அந்தக் கேம்களையும் திரும்ப ஆடணும், பையனுக்கும் காட்டணும். எதில் ஆடலாம், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?"

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாருதி ஜென் எடுங்கள். வீரவநல்லூர் ஹெரால்டின் பாடி முழுசாக இருந்து, உங்களுக்குப் பொறுமையும் இருந்தால் அதையும் விட வேண்டாம். கான்டெஸா மட்டும் வேண்டாம். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். நம்ம ஊர் ரோட்டில் ஓட்டச் சுகமான வண்டி எடை குறைந்த வண்டி. எஞ்சின் எத்தனை சி.சி., மூக்கு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அப்புறம்.

நீங்கள் ஓட்டப்போகிற ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலப்பாளையம் தாண்டினால் பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். வழி நெடுக வாய்க்காலும் வயலும், ஊருக்கு ஊர் வேகத்தடை, எதிரே பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வருகிற பஸ். அம்பையிலிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசிக்குப் போகிற ரோடு இன்னும் அழகு, மேற்கே மலை கூடவே வரும். இங்கெல்லாம் மணிக்கு 60, 70 கிலோமீட்டருக்கு மேல் போவது தப்பு, தேவையும் இல்லை. அப்படியானால் அந்த 60-லேயே ஓட்டுகிறவனுக்கு வேலை இருக்க வேண்டும். கியர் மாற்றுவதில், வளைவைப் பிடிப்பதில், பிரேக்கை எங்கே தொடுவது என்பதில் ஒரு சுவை இருக்க வேண்டும். கனமான வண்டியில் அது 100-ஐத் தாண்டித்தான் வரும். சின்ன வண்டியில் இரண்டாவது கியரிலேயே வந்துவிடும்.

கிரான் டூரிஸ்மோ ஆடிய உங்களுக்கு இது தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும். 1997-ல் பிளேஸ்டேஷனுக்கு அந்தக் கேமைச் செய்த கசுனோரி யமாவுச்சியின் குழு, கையில் 10,000 கிரெடிட்டைக் கொடுத்து உள்ளே அனுப்பியது. அந்தக் காசுக்குப் பழைய கார் கடையில் ஒரு சின்ன ஜப்பான் காரைத்தான் வாங்க முடியும். அதோடு லைசென்ஸ் தேர்வும் எழுத வேண்டும்: இந்தக் கோட்டுக்குள் நிறுத்து, இந்த வளைவை இத்தனை நொடிக்குள் முடி என்று. அதுவரை வந்த ரேஸ் கேம்களில் பாதி, எடுத்த எடுப்பிலேயே ஃபெராரி சாவியைக் கையில் கொடுத்தவை. 1999-ல் வந்த இரண்டாம் பாகத்தில் சுமார் 650 கார்கள், அதில் சுசூகி ஆல்ட்டோ வொர்க்ஸும் உண்டு. நம்ம மாருதி 800 வந்த அதே ஆல்ட்டோ குடும்பத்தின் வேகக்கார உறவு. அந்தக் குட்டிக் காரை வைத்துப் பந்தயம் ஜெயிப்பதில் இருந்த இன்பம், கடைசியில் வாங்குகிற 600 குதிரைத்திறன் காரில் எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. இன்றைக்கும் கார் கேம்களில் முதல் இடம் எதற்கு என்று கேட்டால் இந்த இரண்டாம் பாகத்தைத்தான் சொல்வேன்.

கான்டெஸாவை வேண்டாம் என்பதில் எனக்கும் வருத்தம்தான். அழகான கார். 1970களின் வாக்ஸ்ஹால் விக்டரை வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டு வந்தது. ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி கேம் ஆடி வளர்ந்த கண்ணுக்கு அந்த நீண்ட பானட்டும் சதுர முகமும் பிடிக்காமல் போகாது. ஆனால் முதலில் வந்தவற்றில் இருந்தது அம்பாசடரின் அதே 1489 சி.சி. எஞ்சின், அந்த உடம்புக்கு அது போதவே போதாது. பிறகு இசுசு 1.8 எஞ்சினும் ஐந்து கியரும் போட்டு வந்த கிளாசிக்தான் நியாயமான வண்டி. அதுவும் 2002-ல் நின்றுவிட்டது. இன்று கிடைப்பதில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் மாறியிருக்கும், பீடிங் ரப்பர் வெடித்திருக்கும், கண்ணாடி உடைந்தால் மாற்று தேடி அலைய வேண்டும். டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதைத் திருப்பி எடுத்துப் பாருங்கள், ஆசை பாதியாகும். கல்யாண வீட்டு வாசலில் நிறுத்த அதைவிடக் கம்பீரமான இந்தியக் கார் இல்லை. உங்கள் தேவை அது இல்லையே.

ஹெரால்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அது நம்ம மாநிலத்துக் கார். மெட்ராஸுக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். மூலம் 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்ட், வரைந்தவர் ஜியோவானி மிக்கெலொட்டி என்ற இத்தாலிக்காரர். பம்பாயில் ஃபியட், கல்கத்தா பக்கம் அம்பாசடர், மெட்ராஸில் ஹெரால்ட் என்று அன்றைக்குக் கார் வாங்குகிறவருக்கு இருந்தது பெரும்பாலும் இந்த மூன்றுதான். சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டும் ஓடியிருக்கிறது.

அதன் அமைப்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் சேஸும் பாடியும் ஒன்றான அமைப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட் டிரையம்ஃபுக்குப் பாடி அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் அடிக்க வழியில்லாமல், துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி ஹெரால்டை வடிவமைத்தார்கள். அன்றைய அந்த நெருக்கடி இன்று உங்களுக்கு லாபம். எந்தப் பகுதியையும் தனியாகக் கழற்றி எடுத்து டிங்கரிங் பார்க்கலாம். முன்பக்கம் முழுவதும், மட்கார்டும் பானட்டும் சேர்ந்தபடியே, முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு நிதானமாக பிளக் மாற்றலாம், கார்புரேட்டர் கழற்றலாம். வண்டி வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் நம்ம நாட்டில் விற்கப்பட்டதே இல்லை என்பது என் கருத்து.

இரண்டாவது அதிசயம் அது திரும்புகிற விதம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும், லண்டன் டாக்ஸியின் கணக்கு அது. கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத் தெருவில் ரிவர்ஸ் போடாமல் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். எஞ்சின் 948 சி.சி., சுமார் 35 குதிரைத்திறன். நாலு கியர், ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவுகிற சிங்க்ரோமெஷ் முதல் கியரில் கிடையாது, அதனால் வண்டி முழுசாக நின்ற பிறகே முதல் கியருக்கு வர வேண்டும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஹெரால்டில் பயப்பட வேண்டிய விஷயம் பின் அச்சு. இரண்டு பக்கத்து அச்சும், எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலை ஒட்டிய இடத்தில் மட்டும் மடங்கும், மேலே குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். வளைவில் வேகமாகப் போய் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ வண்டியின் பின்பகுதி மேலே எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், டயரின் பிடி போகும், வால் சுற்றும். மெதுவாக உள்ளே போய், வளைவு முழுக்க லேசாக ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே வெளியே வருகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. வாங்கினவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அச்சு பிடிக்கவில்லை என்பதால்தான் 1970களில் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் சாதாரண ஒற்றை அச்சுக்கு மாறினார்கள்.

இந்தப் பாடத்தைக் காயம் படாமல் படிக்க ஒரு கேம் இருக்கிறது. 2000-ல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் போர்ஷே அன்லீஷ்ட். ஒரே கம்பெனியின் கார்கள் மட்டும், 1950-ஐ ஒட்டிய 356-லிருந்து 2000 வரை வரிசையாக. பழைய வண்டியை வாங்கி, பழுது பார்த்து, விற்று, அடுத்த காலத்துக்குப் போகலாம். அந்த 356-க்கும் பின்னால் இதே மாதிரி மடங்கும் அச்சுதான், போதாததற்கு எஞ்சினும் பின்னால். வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டர் பட்டனை விட்டுப் பாருங்கள், வால் சுற்றுவதை அப்படியே காட்டும். அந்த வரிசையில் வந்த கேம்களில் இதற்கு இணை எதுவும் இல்லை. பிரவுசிங் சென்டரில் எல்லாரும் போலீஸ் துரத்தல் இருக்கிற ஹாட் பர்சூட்டையே போட்டதால் நிறையப் பேர் இதைத் தொடாமலே போய்விட்டார்கள். ஹெரால்ட் வாங்குவதாக இருந்தால் முதலில் ஒரு மாதம் இதை ஆடுங்கள் என்று உண்மையாகவே சொல்கிறேன்.

வீரவநல்லூர் வண்டியில் பார்க்க வேண்டியது இது. எஞ்சின் சாமான், கிளட்ச், பிரேக் ரப்பர், புஷ் எல்லாம் இங்கிலாந்தில் டிரையம்ஃப் பிரியர்களுக்காக இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், சுங்க வரி கட்டினால் வீடு தேடி வரும். ஆனால் நாலு கதவு பாடி இந்தியாவில் மட்டுமே வந்தது. பின்கதவும் அதன் கண்ணாடியும் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அதனால் எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கதவு நாலும், கண்ணாடி எல்லாமும், விளக்கு வளையம், கைப்பிடி, பம்பர் எல்லாமும் இருக்கிற வண்டியாக இருக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பின்கதவு கண்ணாடி மட்டும் இல்லை என்றால் விலை பாதியானாலும் வாங்காதீர்கள். அப்புறம் டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கீழே படுத்து, கதவுகளுக்கு நேர் கீழே சேஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கைகளைத் தட்டிப் பாருங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். டிக்கித் தரையையும் பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்து வறண்ட காற்றில் நின்ற வண்டியின் தகடு பெரும்பாலும் நன்றாக இருக்கும். உவரி, திருச்செந்தூர் பக்கம் கடற்காற்றில் நின்றது என்றால் எவ்வளவு புது பெயின்ட் அடித்திருந்தாலும் நம்ப வேண்டாம்.

ஸ்டாண்டர்ட் கம்பெனியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், நம்ம விஷயத்தோடு சேர்ந்ததுதான். 1985-ல் ரோவர் எஸ்.டி.1 என்ற பெரிய ஆங்கிலக் காரின் பாடியை எடுத்து, அதில் 1940களில் வடிவமைத்த பழைய 1991 சி.சி. எஞ்சினைப் போட்டு, ஸ்டாண்டர்ட் 2000 என்று கொண்டு வந்தார்கள். பெரிய உடம்பு, சக்தியில்லாத எஞ்சின், குடிக்கிற பெட்ரோல் மட்டும் அதிகம். 1988-ல் உற்பத்தியே நின்றுவிட்டது. அதே நேரத்தில் 796 சி.சி. மாருதி 800 நாட்டையே பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது ஜென். 1993-ல் வந்த அந்த முதல் உருண்டை வடிவ ஜென்னைத்தான் சொல்கிறேன், பின்னால் அதே பெயரை ஒட்டி வந்த எஸ்டிலோவை அல்ல. 993 சி.சி., பிளாக்கும் ஹெட்டும் முழுக்க அலுமினியம், 50 குதிரைத்திறன், எடை 800 கிலோவுக்குள். காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும். ஓட்டினால்தான் புரியும். உட்காருகிற இடம் தாழ்வு, ஸ்டியரிங் லேசு, கியர் சின்ன அசைவிலேயே விழும், எஞ்சின் 5,000 சுற்றுக்கு மேலும் சலிக்காமல் ஏறும். சேரன்மகாதேவி தாண்டி வருகிற வளைவுகளில் மூன்றாவது கியரிலேயே வைத்து ஓட்டிப் பாருங்கள், 60-ஐத் தாண்டாமலே முகத்தில் சிரிப்பு வரும். சுசூகி ஆல்ட்டோ என்ற பெயரில் இதே காரை இங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள்.

தெருவில் இன்னொன்று இருக்கக் கூடாது என்றீர்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பதில் உங்களுக்குக் கசந்திருக்கும். இன்று ஒரிஜினல் பெயின்ட், ஒரிஜினல் சீட் துணி, வெட்டாத டேஷ்போர்டு உள்ள முதல் வடிவ ஜென்னைத் தேடிப் பாருங்கள். கிடைப்பதெல்லாம் பெரிய வீலும் ஸ்டிக்கரும் ஒட்டியதுதான். கலையாத ஒரு ஜென் இன்னும் சில வருடங்களில் ஹெரால்ட் அளவுக்கே அபூர்வமாகிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2003-ல் கார்பன், ஸ்டீல் என்று இரண்டு மூன்று-கதவு ஜென்களைக் கொஞ்சமாகச் செய்தார்கள். அதில் ஒன்று நல்ல நிலையில் கண்ணில் பட்டால் யோசிக்காமல் அட்வான்ஸ் கொடுங்கள்.

சின்ன எஞ்சின் என்று யாராவது சிரித்தால் ஒரு விஷயம் சொல்லுங்கள். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் கார் செய்தார், ஃபார்முலா மாருதி என்று. 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் இறங்கியதே அந்தக் காரில்தான்.

ஜென்னில் முதல் எதிரி நம்ம தண்ணீர். ராதாபுரம், திசையன்விளை பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் அலுமினியம் உள்ளுக்குள் அரித்திருக்கும், ஒரு முறை சூடேறினாலே ஹெட் வளையும். ஆற்றுத் தண்ணீர் ஊற்றினோம் என்பார்கள், அதுவும் சரியில்லை. கூலன்ட் மட்டும்தான். குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் நல்லது. காவி நிறச் சேறு இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1985-ல் வந்த பிரீமியர் 118 என்.இ., ஃபியட் 124 உடம்பும் நிசான் எஞ்சினும் சேர்ந்தது. ஓட்ட நன்றாக இருக்கும், துருப்பிடிக்காத ஒன்று கிடைப்பது கஷ்டம். பழைய ஃபியட்டான பத்மினிக்கு சாமான் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருப்பது பழகினால் ஒரு தனி இன்பம். டாடா சியரா வடிவத்துக்காக மட்டும். பெங்களூர் சிபானியின் ஃபைபர் பாடி டால்ஃபின் ஒரு அருமையான கிறுக்கு, பாடியில் துருவே பிடிக்காது, ஆனால் முதல் வண்டியாக வேண்டாம். மலை ஏறுகிற ஆசை இருந்தால் ஜிப்சி ஒன்றுதான். லீஃப் ஸ்பிரிங், இடுப்பை உலுக்கும், ஆனால் மாஞ்சோலை மாதிரி ரோட்டுக்கென்றே பிறந்தது. மணிமுத்தாறு செக்போஸ்டில் வனத்துறை அனுமதி வாங்கித்தான் மேலே போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும் கவனம்: இலகுவான கார் எதுவானாலும், ஆடி மாதம் காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் நாலு வழிச்சாலையில் காற்று வண்டியை இழுக்கும். காற்றாலை நிறைய நிற்கிற இடம் வந்தாலே வேகத்தைக் குறைத்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள்.

எந்த வண்டியானாலும் வாங்கும் முன் 2023 டிசம்பரை மறக்கக் கூடாது. தாமிரபரணி வெள்ளத்தில் முழுகிய வண்டிகள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்தன. தரைப் பாயைத் தூக்குங்கள், சீட் ஓடுகிற தண்டவாளத்தில் துருவும் மண்ணும் இருக்கிறதா பாருங்கள், டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் சாக்கெட் ஒன்றைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். பழைய ஹெரால்டில் ஒயரிங் முழுவதையும் புதிதாக இழுத்துவிடலாம், எளிது. கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற எம்.பி.எஃப்.ஐ. ஜென்னில் அது பெரிய செலவு.

காகித விஷயம். ஆர்.சி.யில் இருக்கிற எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போக வேண்டும். பெட்ரோல் என்று எழுதியிருந்து உள்ளே டீசல் எஞ்சின் இருந்தால் பேச்சே வேண்டாம். 15 வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், 2022-ல் அந்தக் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள், 2025-ல் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கினார்கள். ஜென்னுக்குப் பட்ஜெட் போடும்போது அதையும் பசுமை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெரால்டுக்கு 50 வயது தாண்டியிருந்தால் 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை, கண்காட்சி, ஊர்வலம் மாதிரி காரியங்களுக்குத்தான். ஞாயிறுதோறும் பாபநாசம் போகிற எண்ணம் இருந்தால் சாதாரணப் பதிவையே உயிரோடு வைத்திருங்கள்.

பெட்ரோல் விஷயமும் இருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுவிட்டது. ஹெரால்ட் எஞ்சினின் வால்வு உட்காருகிற இடம் அந்த ஈயத்தை நம்பி இருந்தது. ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட் போட்டுவிடச் சொல்லுங்கள், நல்ல லேத் பட்டறை எதுவும் செய்யும். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது இளக்கிவிடும், ஈரத்தையும் இழுக்கும், நின்ற வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றுங்கள், மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

பட்டறை கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். தமிழ்நாட்டு மோட்டார் தொழிலின் பெரிய பெயரான டி.வி.எஸ். நிறுவனத்தை 1911-ல் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் நம்ம திருக்குறுங்குடிக்காரர். பாயிண்ட் கேப் பார்த்து, காதால் கேட்டே டைமிங் வைக்கிற மெக்கானிக் இன்றும் நம்ம பக்கம் இருக்கிறார்கள், எல்லாருக்கும் வயதாகிவிட்டது. வண்டி வாங்கும் முன்னால் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர் வேலை பார்க்கும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

இனி கேம்கள். ரோடு ஃபைட்டரிலிருந்தே ஆரம்பியுங்கள். 1984-ல் கோனாமி செய்த ஆர்கேட் கேம், அடுத்த வருடம் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற டிவி கேமுக்கு வந்து, அதன் நகலாக நம்ம ஊரில் விற்ற டிவி கேம்களின் கேசட்டில் எல்லாம் ஏறிக்கொண்டது. இரண்டே பட்டன், மேலிருந்து பார்க்கிற ரோடு, தீர்ந்துகொண்டே இருக்கிற பெட்ரோல். ஆனாலும் அதில் ஒரு உண்மையான ஓட்டுநர் பாடம் இருக்கிறது: இடித்ததும் வண்டி வழுக்கும், அந்த நொடியில் சரியான பக்கம் அழுத்தினால் நிமிரும், பதறினால் ஓரத்தில் மோதி வெடிக்கும். பையனுக்கு ஆறு ஏழு வயது என்றால் இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது.

எதில் ஆடுவது என்பது முக்கியம். புது எல்.இ.டி. டிவியில் போட்டுவிட்டு, சின்ன வயதில் இருந்த சுவை இல்லையே என்பவர்கள் நிறைய. குறை கேமில் இல்லை. அந்தப் பழைய சிக்னலைப் புது டிவி வாங்கி, மாற்றி, பெரிதாக்கிக் காட்டுவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும். பட்டனை அழுத்துவதற்கும் கார் திரும்புவதற்கும் இடையே வருகிற அந்தத் தாமதம் ரோடு ஃபைட்டரைக் கொன்றுவிடும். வாத்துச் சுடுகிற டக் ஹன்ட் புது டிவியில் வேலையே செய்யாது, ஏனென்றால் அந்தத் துப்பாக்கி பழைய பிக்சர் டியூப் திரையில் ஒளி விழுகிற நேரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. தீர்வு உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம். 2006-லிருந்து அரசு கொடுத்த இலவச கலர் டிவி, 14 இஞ்ச் டியூப் டிவி, இந்தக் கேம்களுக்கு அவ்வளவு பொருத்தம். யாராவது காயலான் கடைக்குப் போடப் போகிறார்கள் என்றால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திறந்து நோண்ட வேண்டாம், டியூபில் ஹை வோல்டேஜ் நிற்கும். டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

பிளேஸ்டேஷன் பழையது கிடைத்தால் லென்ஸ் தேய்ந்திருக்கும், டிஸ்க் படிக்கத் திணறும். அசல் டிஸ்க் கையில் இருந்தால் கம்ப்யூட்டரில், பழைய பிளேஸ்டேஷனைப் போலவே நடந்துகொள்கிற டக்ஸ்டேஷன் எமுலேட்டர் மென்பொருள் நன்றாக ஓட்டும். 1995-ல் கம்ப்யூட்டருக்கு வந்த முதல் நீட் ஃபார் ஸ்பீட், பழைய கேம்களைப் புது கம்ப்யூட்டரில் ஓட்டுகிற டாஸ்பாக்ஸில் ஓடும். எட்டே கார்கள், ரோடு அண்ட் டிராக் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையோடு சேர்ந்து செய்தது, ஒவ்வொரு காரின் கியர் சத்தம்கூட வேறு வேறு. 1999-ன் மிட்டவுன் மேட்னஸில் சிகாகோ நகரத்தில் பஸ்ஸையே ஓட்டலாம், பையன் அதை விடமாட்டான். கொஞ்சம் வளர்ந்த பிறகு கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ், 1998-ல் வந்தது, 1967-ன் ஃபார்முலா ஒன் கார்கள். டயர் ஒல்லி, காற்று அமுக்குகிற இறக்கை கிடையாது, முதல் வாரம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். நான் ஆடியதில் மிகக் கடினமான கார் கேம் அதுதான், மிக நேர்மையானதும் அதுதான். பைக் கேமான ரோடு ராஷ் வேண்டுமானால் ஆடுங்கள், சிரித்துக்கொண்டே ஆடலாம், ஓட்டுவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லித்தராது.

கிரான் டூரிஸ்மோ 2 வைக்கும்போது பையனை நேராகப் பந்தயத்துக்கு விடாதீர்கள். பி லைசென்ஸ் தேர்வு அத்தனையும் முடிக்கட்டும், பிறகு அந்த 10,000 கிரெடிட்டுக்குள் எந்தக் கார் என்பதை அவனே பழைய கார் கடையில் பார்த்து எடுக்கட்டும். நீங்கள் ஜென் பார்க்கப் போகிற அன்றைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், ரேடியேட்டர் மூடியை அவன் திறக்கட்டும்.